அட்டைப்பெட்டி இருபதுமுகி

அட்டைப்பெட்டி இருபதுமுகி என்பது பிஸ்கட், தேயிலை முதலியன வரும் பழைய அட்டைப்பெட்டிகளிலிருந்து செய்யப்படும் வடிவியல் சிற்பம் ஆகும். இருபதுமுகி 20 சமபக்க முக்கோண முகங்களும் 30 விளிம்புகளும் 12 உச்சிகளும் கொண்ட ஒழுங்குத் திண்மமாகும்.

செய்முறை

4 செ.மீ. ஆரமுள்ள 20 வட்டங்கள் வெட்டப்படுகின்றன. கவராயத்தின் அளவை மாற்றாமல் பரிதியை ஆறாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளிகளை இணைத்தால், சுமார் 6.9 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணம் கிடைக்கும். அதற்கு வெளியே எஞ்சும் மூன்று வட்டத்துண்டுகளை மடித்து, அடுத்த வட்டத்தின் துண்டுகளோடு ஒட்ட வேண்டும். ஐந்து முகங்கள் மேல்மூடியாகவும், ஐந்து அடிமூடியாகவும், எஞ்சிய பத்தும் தலைகீழாக மாறிமாறி நடுப்பட்டையாகவும் அமையும்.

அட்டை தடித்தது என்பதால், மை தீர்ந்த பேனாவால் கோட்டை அழுத்திய பின்னரே மடிக்க வேண்டும். இல்லாவிடில் மடிப்புகள் சிறிது சிறிதாக விலகி, கடைசி முக்கோணம் பொருந்தாது. பிழை அதுவரை கண்ணுக்குத் தெரிவதில்லை. பழச்சாற்றுப் பெட்டிகளின் மேல் பாலித்தீன் படலம் உள்ளதால் சாதாரணப் பசை பிடிக்காது. அவற்றை ஸ்டேப்ளரால் இணைக்கலாம்.