முடிவு யார் கையில்? கேமராவிலிருந்து கைப்பேசிக்கு நகர்ந்த ஒளிப்பட அதிகாரம்

கேமராவா கைப்பேசியா என்ற வழக்கைப் பலரும் படத்தின் தெளிவை வைத்தே தீர்க்கப் பார்க்கிறார்கள். சந்தையில் அது முன்பே தீர்ந்துவிட்டது. ஜப்பானியக் கேமராத் தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010இல் விற்பனைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல்; 2023இல் 80 லட்சத்துக்கும் குறைவு. ஆனால் ஆவணம் என்ற நோக்கில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: படம் எப்படி அமையவேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? 1953 வரை சென்னையோடு இணைந்திருந்த சித்தூர் வட்டாரத்தையும் சேர்த்து, பழைய சென்னை மாகாணத்தின் ஒளிப்பட வரலாற்றை நோக்கினால், அந்த முடிவு படமெடுப்பவரின் கையைவிட்டுப் படிப்படியாக விலகியிருப்பது புலப்படும்.

1857 டிசம்பரில் சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞர் லினேயஸ் டிரைப் தென்மாவட்டப் பயணத்தைத் தொடங்கினார். அவருடைய மெழுகேற்றிய காகித நெகடிவில் ஒளி பதிய நிமிடக்கணக்காகும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளப் பட்டையாக ஒட்டினார். அக்கால வேதிப்பூச்சு நீல ஒளியையே மிகுதியாக ஏற்றதால் வானம் வெறுமையாகவே விழும். அதனால் சில நெகடிவுகளில் மேகங்களைத் தாமே தீட்டினார். பழைய கேமரா உள்ளதை உள்ளபடி காட்டியது என்பது ஆகவே நிற்காத வாதம். ஆயினும் எதைச் சேர்த்தோம் என்பதை டிரைப் அறிவார். நெகடிவை ஆராய்பவரும் அந்தத் தூரிகைத் தடத்தைக் கண்டுகொள்ளலாம்.

ஊர்தோறும் ஸ்டூடியோக்கள் வந்தபோது, கூரிய பென்சிலால் நெகடிவில் தழும்பை மறைப்பது தனித் தொழிலாயிற்று. எதை மறைப்பது என்பதைப் படமெடுப்பவரும் வாடிக்கையாளரும் பேசித் தீர்க்க முடிந்தது. 1960இல் உதகையில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ சுருளும், பின்னர் வந்த கலர் லேப்களும் வேலையின் பெரும்பகுதியைத் தொழிற்சாலைக்கும் இயந்திரத்துக்கும் மாற்றின. நெகடிவ் மட்டும் சாட்சியாக எஞ்சியது. கைப்பேசி அந்தச் சாட்சியையும் நீக்கியது. முழுச்சட்டகக் கேமராவின் ஒளியுணரி 864 சதுர மில்லிமீட்டர். பெரும்பாலான கைப்பேசிகளில் அதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. இந்தக் குறையை ஈடுகட்ட, அடுத்தடுத்து எடுத்த பல படங்களை மென்பொருள் இணைத்து, இரைச்சல் எனப்படும் புள்ளிகளை அகற்றி, விளிம்புகளைக் கூராக்குகிறது. 2023இல் சாம்சங் கைப்பேசிகளின் நிலவுப் படங்கள் சர்ச்சைக்குள்ளானபோது, நிலவை அடையாளம் கண்டு அதன் நுணுக்கங்களைச் செயற்கை நுண்ணறிவு மேம்படுத்துவதாக நிறுவனமே விளக்கமளித்தது. பயனருக்குத் தெரியாமலே முடிவு நிறுவனத்தின் மென்பொருளில் எடுக்கப்படுகிறது.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. கைப்பேசியிலும் ஒளியுணரியின் மூலப்பதிவான ரா (raw) கோப்பு கிடைக்கிறதே, கேமராவும் உள்ளேயே படத்தைத் திருத்துகிறதே என்பது முதலாவது. உண்மைதான், ஆனால் கைப்பேசியில் ரா என்பது தேடிப்பிடிக்கவேண்டிய விருப்பத்தேர்வு, அதுவும் சிலவற்றில் பல படங்களை இணைத்த பின்னரே கிடைக்கிறது. ஆக, வேறுபாடு கருவியின் பெயரில் இல்லை. முதற்பதிவு எஞ்சுகிறதா என்பதில் இருக்கிறது. கைப்பேசிப் படம் இடத்தையும் நேரத்தையும் தானே குறிப்பதால் அதுவே சிறந்த சான்று என்பது இரண்டாவது மறுப்பு. மத்திய அரசின் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் கட்டாயமான கைப்பேசி வருகைப்பதிவு இந்த நம்பிக்கையில் எழுந்தது. ஆனால் படத்தையே படமெடுத்துப் பதிவேற்றும் முறைகேட்டை 2025இல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுட்டிக்காட்டியது. படத்தில் பதியும் இட, நேர முத்திரை எங்கே, எப்போது என்று சொல்லும். எதைப் படமெடுத்தார்கள் என்று சொல்லாது.

சித்தூர்–வேலூர் சாலையில் உள்ள குடிபாலா போன்ற ஆந்திர–தமிழக எல்லையோர ஊர்களுக்கு இது ஏட்டுவாதம் அன்று. திருமலை, திருப்பதிக் கோயில் கல்வெட்டுகளில் மிகப் பல தமிழில் உள்ளன. இவ்வட்டாரத்துச் சிறு கோயில்களின் கற்களை இன்று முதலில் படமெடுப்பது பெரும்பாலும் உள்ளூர்க்காரரின் கைப்பேசிதான். இந்தப் பரவலை இழிவாக எண்ணுவது தவறு. டிரைப்பைப் போல அரசின் ஆணைக்கும் பொருட்செலவுக்கும் காத்திருந்தால் பல கற்கள் பதிவாகாமலே போகும். ஆனால் தேய்ந்த எழுத்தின் மெல்லிய கீறலை மென்பொருள் இரைச்சலென்று அழிக்கலாம், கல்லின் வெடிப்பை எழுத்தைப்போலக் கூராக்கலாம். ஆகவே கண்டறிந்து அறிவிக்கக் கைப்பேசி போதும். வாசிப்புக்கு ஆதாரமாகும் படத்தைப் பக்கவாட்டு ஒளியில் கேமராவிலோ, திருத்தப்படாத ரா கோப்பாகக் கைப்பேசியிலோ எடுத்து, முதற்பதிவை அழிக்காமல் காக்கவேண்டும். அந்தப் பதிவு இல்லாத படம் எவ்வளவு தெளிவாயிருந்தாலும் அதை வைத்து ஓர் எழுத்தின் வாசிப்பை நிறுவ முடியாது.