மண்பாதைக்குத் தைத்த சட்டை

1924 மார்ச் 29 அன்று இங்கிலாந்தின் சர்ரே வட்டாரத்தில், கேம்பர்லி என்ற ஊரை ஒட்டிய புதர்க்காட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. மண்பாதையில் வண்டி ஓட்டும் மோட்டோகிராஸ் பந்தயத்தின் வரலாற்றை அந்த நாளிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள். ஓட்ட வந்தவர்களுக்கென்று தனி உடை ஏதும் அன்று இல்லை. வீட்டில் இருந்த கம்பளி ஸ்வெட்டர், தோல் கோட்டு, முழங்காலைத் தொடும் பூட்ஸ், அவ்வளவுதான். இன்று கடையில் ஹேங்கரில் தொங்கும் பளபளப்பான ஜெர்சியின் மூதாதை அந்த ஸ்வெட்டர்தான்.

குளிரும் மழையும் சேறுமான ஊருக்குக் கம்பளி பொருத்தமாகவே இருந்தது. நனைந்தாலும் உடம்புச் சூட்டை ஓரளவு காக்கும். ஆனால் கம்பளி சாதாரண நாளிலேயே காற்றிலிருந்து தன் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பருத்திக்கு அது 8 சதவீதம் அளவில் இருக்கும். மழையும் வியர்வையும் சேர்ந்துவிட்டால் ஓட்டுபவர் வண்டியோடு சட்டையின் பாரத்தையும் தூக்கிக்கொண்டுதான் தாவ வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1947-ல் நெதர்லாந்தின் வாசனாரில் நாடுகளுக்கு இடையிலான முதல் 'மோட்டோகிராஸ் தே நாசியோன்' பந்தயம் நடந்து பிரிட்டன் வென்றபோதும், 1957-ல் உலக சாம்பியன் போட்டி தொடங்கியபோதும் உடை பெரிதாக மாறிவிடவில்லை.

அதை மாற்றியது அமெரிக்க வெயில். ஹஸ்க்வர்னா வண்டிகளை அமெரிக்காவில் விற்ற எடிசன் டை, 1966-ல் ஸ்வீடனின் டோர்ஸ்டன் ஹால்மனை அங்கே அழைத்து வந்தார். 250 சிசி பிரிவில் நான்கு முறை உலக சாம்பியனானவர் ஹால்மன். அவர் ஓட்டியதைப் பார்த்த கலிபோர்னியா இளைஞர்கள் வண்டியைப் போலவே உடுப்பையும் உற்றுக் கவனித்தார்கள். 1968-ல் ஹால்மனே 'தோர்' என்ற பெயரில் பந்தய உடை வியாபாரத்தில் இறங்கினார். ஓட்டத் தெரிந்தவரே தைக்கச் சொல்லிக் கொடுத்ததால், எங்கே இழுக்கிறது, எங்கே உரசுகிறது என்பதெல்லாம் முதன்முறையாகத் தையல் மேசைக்கு வந்து சேர்ந்தது.

1972 ஜூலை மாதம் லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம் மைதானத்துக்குள் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி ஓர் இரவுப் பந்தயம் நடத்தினார்கள். வென்ற மார்ட்டி டிரைப்ஸுக்கு வயது 16. மைதானத்துக்குள் நடக்கும் சூப்பர்கிராஸ் பந்தயம் அங்கேதான் பிறந்தது. ஜெர்சியின் வாழ்க்கையில் இது பெரிய திருப்பம் என்பேன். காட்டுப் பாதையில் ஓட்டுபவரைப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தவர்கள், இப்போது மேல்வரிசைப் படிகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாது. யார் எவர் என்று சொல்ல நிறமும் முதுகில் உள்ள எண்ணும்தான் மிச்சம். ஹோண்டாவுக்குச் சிவப்பு, கவாசாகிக்குப் பச்சை, சுசுகிக்கு மஞ்சள் என்று வண்டியின் நிறம் சட்டைக்கும் ஏறியது. 1974-ல் கலிபோர்னியாவில் உதிரிபாக வியாபாரம் தொடங்கிய ஜெஃப் ஃபாக்ஸ் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். தங்கள் பந்தய அணிக்கென்று தைத்த உடையை ரசிகர்கள் கேட்டு வர, அதுவே அவர் நிறுவனத்தின் பெரிய தொழிலாக வளர்ந்தது.

துணியின் கதை இன்னொரு பக்கம் நடந்துகொண்டிருந்தது. 1941-ல் மான்செஸ்டரின் காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷனில் வேலை பார்த்த வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். இந்த இழை ஈரத்தை அரை சதவீதம்கூட உள்ளே வாங்காது. சாதாரண பாலியஸ்டர் சட்டை போட்டு நடந்தவர்கள் புழுக்கம் தாங்காமல் அதைத் திட்டியதற்கும், பந்தயக்காரர்கள் அதைக் கொண்டாடியதற்கும் காரணம் ஒன்றேதான். இழைக்குள் போகாத வியர்வை, நெருக்கமாக நெய்த துணியில் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதே இழையை நுண்ணிய இடைவெளிகளோடு பின்னினால், ஈரம் இழைகளுக்கு நடுவே ஊர்ந்து வெளிப்புறம் பரவி ஆவியாகும். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துச் செல்கிறது. சொட்டி விழும் வியர்வையால் அந்தப் பலன் கிடைக்காது. உலக சாம்பியன் போட்டியில் ஒரு சுற்று என்பது 30 நிமிடமும் அதற்கு மேல் இரண்டு லேப்பும். அவ்வளவு நேரம் சூட்டைத் தணித்துக்கொண்டே இருப்பதுதான் இந்தச் சட்டையின் முதல் வேலை.

நிறம் ஏற்றும் முறையும் பாலியஸ்டரோடு ஒட்டிப் பிறந்ததுதான். சப்ளிமேஷன் என்ற அந்த அச்சு வேலை திருப்பூரிலும் நடக்கிறது. வெள்ளைத் துணியின் மேல் அச்சடித்த காகிதத்தை வைத்து, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துகிறார்கள். காகிதத்தில் மங்கிக் கிடக்கும் சாயம் உருகாமல் நேராக ஆவியாகி இழைக்குள் நுழைகிறது. காகிதத்தை உரித்தால் துணியில் நிறம் பளிச்சென்று எழுந்து நிற்கும். விரலால் தடவிப் பாருங்கள், மேடு பள்ளமே தெரியாது. ரப்பர் போல ஒட்டிய எழுத்து என்றால் அது இருக்கும் இடத்தில் காற்றும் போகாது, நாலு துவையலில் வெடிக்கவும் செய்யும். அதனால் மார்பிலும் முதுகிலும் உள்ள படங்களைத் தடவிப் பார்க்காமல் ஜெர்சி வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பந்தய ஜெர்சியை மேசையில் விரித்துப் போட்டால் இன்னும் சில தெரியும். முன்பக்கத்தைவிட முதுகுப்பக்கம் நீளமாக இருக்கும். ஓட்டுபவர் பெரும்பாலும் எழுந்து நின்று முன்னால் சாய்ந்தே ஓட்டுவார், அப்போது சட்டை பேண்ட்டை விட்டு மேலேறிவிடக் கூடாது. நல்ல ஜெர்சியில் தையல் தோள்பட்டையின் உச்சியில் உட்காராது, கழுத்திலிருந்து அக்குள் நோக்கிச் சாய்ந்து இறங்கும். கையைத் தூக்க இடம் கிடைக்கும். அக்குளிலும் விலாவிலும் வலைத்துணி வைத்திருப்பார்கள். முழங்கையில் மட்டும் துணி சற்றுத் தடிப்பு.

ஆகவே கடையில் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று அளவு பார்ப்பதில் பயனில்லை. ஹேண்டில் பிடிப்பதுபோல இரு முழங்கையையும் வெளியே விரித்து, இடுப்பை மடக்கி நின்று பாருங்கள். முதுகு ஏறினாலோ அக்குள் இழுத்தாலோ அந்த அளவு வேண்டாம். மார்புக் கவசத்தை உள்ளே போடுபவர் அதையும் முழங்கைக் கவசத்தையும் போட்டுக்கொண்டுதான் அளவெடுக்க வேண்டும், பெரும்பாலும் ஓர் அளவு கூடும். வெளியே போடுபவருக்கு உடம்போடு ஒட்டிய ஜெர்சி நல்லது. தொளதொளவென்று இருந்தால் கவசத்துக்கடியில் மடிந்து தோலை அறுக்கும். மணிக்கட்டில் இறுக்கும் எலாஸ்டிக்கைத் தவிர்த்துவிடுங்கள், ஏற்கெனவே விறைத்துப்போகும் முன்கைக்கு அது கூடுதல் தொல்லை.

ஊருக்கேற்பவும் துணி மாறும். சென்னை போன்ற கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாவதே சிரமம், அதனால் எவ்வளவு வலைத்துணி கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. காற்றே உடம்பைவிடச் சூடாக வீசும் வறண்ட இடத்தில் முழு வலை சூட்டை உள்ளே கொண்டுவரும், அங்கே நெருக்கமான பின்னல்தான் தேவை. டக்கார் ராலி என்ற பாலைவனப் பந்தயம் 2020 முதல் சவுதி அரேபியாவில் ஜனவரி மாதம் நடக்கிறது. அங்கே விடியற்காலைக் குளிருக்கு ஜெர்சிக்கு மேல் ஜாக்கெட் போட்டுக் கிளம்புவார்கள். 

துவைப்பதில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மணத்துக்காகக் கடைசி அலசலில் ஊற்றும் துணி மென்மையாக்கி இந்தச் சட்டைக்கு ஆகாது. அது இழைமேல் மெழுகுபோலப் படிந்து வியர்வை பரவும் வழியை அடைத்துவிடும். சேற்றை உலரவிட்டு உதறி, உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, சூடில்லாத தண்ணீரில் அலசினாலே போதும்.

இத்தனை அருமை பெருமை கொண்ட சட்டையால் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டு. அது அடியைத் தாங்காது. முன்னே போகும் வண்டியின் பின்சக்கரம் வாரியடிக்கும் கல்லைத் தடுக்க மார்புக் கவசம் தனியாக வேண்டும். ஐரோப்பியத் தரத்தில் அதற்கான எண் இஎன் 14021. முழங்கை, தோள், முழங்கால் கவசங்களுக்கு இஎன் 1621-1. கையில் இருக்கும் பணத்தை முதலில் இவற்றுக்குச் செலவழியுங்கள், மிச்சத்தில் ஜெர்சி வாங்குங்கள். விலை குறைந்த ஜெர்சி போட்டு ஓட்டலாம், கவசமில்லாமல் ஓட்டக் கூடாது.

இப்போதெல்லாம் நெடுஞ்சாலைகளில் மோட்டோகிராஸ் ஜெர்சி போட்டுப் பறக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன், மனம் பதறுகிறது. மண்ணில் விழுந்தால் உடம்பு பெரும்பாலும் சறுக்கும், புரளும். தார்ச்சாலை அப்படி விடாது. மெல்லிய பாலியஸ்டர் அந்த உராய்வில் நொடியில் கிழியும், சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். தம்பிகளே, தங்கைகளே, சாலைக்குச் சாலைக்கென்று தைத்த ஜாக்கெட்டைப் போடுங்கள். ஜெர்சியை மண்பாதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.