பாயசத்துக்குக் காவல்

ஜவ்வரிசிப் பாயசத்தைச் சப்புக் கொட்டிக் குடிக்கிறோம். அந்த முத்துக்கள் எந்தச் சீமையில் விளைந்தவை என்று கேட்பதில்லை. ஆத்தூரிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் விடை தெரியும். ஆள் உயரத்துக்கு நிற்கிறதே மரவள்ளி, அதன் கிழங்குதான் ஜவ்வரிசியின் தாய். உள்ளூரில் அதைக் குச்சிக்கிழங்கு என்பார்கள்.

அது நம் மண்ணின் பிள்ளை அல்ல. தென் அமெரிக்காவில் பிறந்து, போர்த்துக்கீசியருடன் கப்பலேறி, மலையாளக் கரையில் இறங்கியது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைக் குடிமக்களிடையே பரப்பினார். இரண்டாவது உலக யுத்தத்தில் மலேயா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது. 1943-இல் சேலத்தில் அந்தத் தொழில் முளைவிட்டது.

செடி கடல் கடந்தபோது அதன் பகைவர்கள் பிறந்த ஊரிலேயே தங்கிவிட்டார்கள். ஆனால் பகைக்கும் ஒருநாள் கப்பல் கிடைக்கும் அல்லவா? 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் காங்கோப் பகுதியில் மரவள்ளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. ஆண் துணையில்லாமலே பெருகும் விசித்திரப் பிராணி அது! சாற்றை உறிஞ்ச, குருத்துகள் சுருண்டு கருகின. மரவள்ளியே சோறாக இருந்த குடும்பங்கள் பட்டினியை எதிர்நோக்கின.

பிறந்த ஊரில் மட்டும் இந்தப் பூச்சி ஏன் அடங்கிக் கிடக்கிறது? விஞ்ஞானிகள் தேடிப் போனார்கள். 1981-இல் பராகுவே நாட்டில் விடை கிடைத்தது. கடுகளவே உள்ள ஒரு குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுகிறது. பொரித்த புழு உள்ளிருந்தே அதைத் தின்றுவிடுகிறது. செடியைப் பூச்சி தின்ன, பூச்சியைக் குளவி தின்ன, மூன்றும் அளவோடு வாழ்கின்றன. இதைத்தான் உணவுச் சங்கிலி என்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்கு வந்த சங்கிலியில் கடைசிக் கண்ணி இல்லை. அதைக் கொண்டுவந்து கோத்ததும் பயிர் பிழைத்தது. அந்தப் பணிக்குத் தலைமை வகித்த ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

2020-இல் அதே மாவுப்பூச்சி கேரளத்தில் திருச்சூரில் தென்பட்டது. பிறகு சேலம், நாமக்கல் வயல்களிலும் புகுந்தது. குடியானவர் கை முதலில் மருந்துத் தெளிப்பானைத்தான் தேடும். கிழங்கை நம்பிக் கடன் வாங்கியவரைக் குறை சொல்ல நாம் யார்? ஆனால் மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. தீய பூச்சியைக் கொல்லும்போதே அதைத் தின்னும் நல்ல பூச்சியையும் கொல்லும். மிச்சம் மண்ணிலும் கிணற்றிலும் இறங்கும்.

பெங்களூரிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று, அந்தக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது. மற்ற நல்ல பூச்சிகளுக்கு அதனால் தீங்கு வருமா என்று முதலில் சோதித்தார்கள். பிறகு 2022 மார்ச் மாதம், ஆத்தூருக்கு அருகே ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விடுவித்தார்கள்.

குளவி கூலி கேட்பதில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறது: அது வேலை செய்யும்வரை விஷம் தெளிக்காமல் பொறுத்திருக்க வேண்டும். கண்ணெதிரே குருத்து கருகும்போது பொறுத்திருப்பது லேசான காரியமா? நம் பாயசம் அந்தப் பொறுமையை நம்பித்தான் இருக்கிறது.