உறையைத் தாண்டியதா? தைராய்டுக் கட்டியும் ஊசி முனையும்

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர் 1909இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு காலத்தில் உயிரைப் பறித்த தைராய்டு அறுவையில், மரணத்தை ஒரு சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தவர் அவர். அறுவை பாதுகாப்பானதும் கழுத்துக் கட்டியை எடுத்துவிட்டுப் பிறகு சோதிப்பது எளிதாயிற்று. ஆனால் பெரும்பாலான தைராய்டுக் கட்டிகள் புற்றுநோய் அல்ல. எடுக்கத் தேவையில்லாத கட்டிகளுக்காகப் பலர் கத்திக்குக் கழுத்தைக் கொடுத்தார்கள்.

கதிரியக்க அயோடின் ஸ்கேன் வந்தபோது நம்பிக்கை பிறந்தது. அயோடினை ஈர்க்காத 'குளிர்ந்த' கட்டிகள் சந்தேகத்துக்கு உரியவை என்றார்கள். அவற்றிலும் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளாகவே இருந்தன.

உண்மையான திருப்பம் ஊசியால் வந்தது. 1930இல் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் மார்ட்டின், எல்லிஸ் என்ற இருவர் கட்டிகளில் ஊசி செலுத்தி உயிரணுக்களை உறிஞ்சிச் சோதித்த அனுபவத்தை வெளியிட்டனர். ஊசித் தடத்தில் புற்று பரவிவிடுமோ என்ற அச்சத்தால் அமெரிக்காவில் அது வேரூன்றவில்லை. ஸ்வீடன் மருத்துவர்கள் 1950களிலிருந்து மெல்லிய ஊசியைக் கொண்டு அந்த முறையை வளர்த்தெடுத்தனர். இன்று நாம் எஃப்.என்.ஏ.சி. என்று சொல்லும் பரிசோதனை அதுதான். அது பரவிய இடங்களில் வீண் அறுவைகள் குறைந்தன.

தைராய்டுப் புற்றில் பாப்பில்லரி வகையை இந்த ஊசி பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். உயிரணுக்களின் உட்கருவிலேயே அடையாளம் இருக்கிறது. ஃபாலிகுலர் வகையில்தான் அது தோற்கிறது. அங்கே புற்றின் உயிரணுவும் சாதாரணக் கட்டியின் உயிரணுவும் பார்வைக்கு ஒன்றே. கட்டி தன்னைச் சூழ்ந்த உறையையோ இரத்தக் குழாயையோ துளைத்திருந்தால் புற்று, இல்லையேல் இல்லை. தோட்டத்து மண்ணில் ஒரு பிடி அள்ளிப் பார்த்து வேலி உடைந்திருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? அறுவையின் நடுவே கட்டியை உறையவைத்து வெட்டிப் பார்க்கும் சோதனையிலும் சில துண்டுகளையே பார்க்க முடிவதால், அதுவும் பல நேரம் கைவிடுகிறது.

2007இல் அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் கூடிய வல்லுநர்கள் ஊசி அறிக்கைகளை ஆறு பிரிவுகளாக வகுத்தார்கள். மூன்றாம், நான்காம் பிரிவுகள் இரண்டுங்கெட்டான் நிலை. அங்கே மரபணுச் சோதனைகள் உதவிக்கு வந்தன. 2012இல் வெளியான ஆய்வில், ஊசியால் தீர்மானிக்க முடியாத 265 கட்டிகளில் 85 புற்றாக இருந்தன. மரபணுச் சோதனை அவற்றில் 78ஐச் சந்தேகத்துக்குரியவை எனப் பிடித்தது. ஆனால் புற்றல்லாதவற்றிலும் ஏறத்தாழப் பாதியை அது சந்தேகப் பட்டியலில் சேர்த்தது.

புற்றுக்கும் புற்றல்லாததற்கும் இடையிலான எல்லைக்கோடே நகர்ந்தது 2016இல். உறையைத் துளைக்காத ஒரு பாப்பில்லரி உபவகை கொண்ட 109 பேரைப் பத்தாண்டுக்கும் மேலாகக் கண்காணித்ததில், அனைவரும் நோயின்றி உயிரோடு இருந்தார்கள். அதன் பெயரிலிருந்து 'புற்றுநோய்' என்ற சொல்லையே சர்வதேசக் குழு நீக்கியது. உறை துளைக்கப்படவில்லை என்பதை உறுதிசெய்யவோ கட்டியை வெளியே எடுத்து உறை முழுவதையும் ஆராய வேண்டும்!

தேடல் அளவு மிஞ்சினால் என்னாகும் என்பதைத் தென்கொரியா காட்டியது. அல்ட்ராசவுண்ட் பரவலானதில், 2011இல் அங்கே கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்று 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கு. இறப்பு விகிதமோ மாறவில்லை.

ஆகவே ஊசி அறிக்கையில் நான்காம் பிரிவு என்று வந்தால், அது புற்றுநோய்த் தீர்ப்பு அல்ல. சுரப்பியை முழுதாக எடுக்கச் சம்மதிக்கும் முன், கட்டியுள்ள ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துச் சோதிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பாதிச் சுரப்பி மிஞ்சினால் பலருக்கு வாழ்நாள் மாத்திரை தேவைப்படுவதில்லை.