எண்ணூர் வண்டிகளில் விசைக்கடத்தல்: கிளட்சிலிருந்து தானியங்கி கியர்பெட்டி வரை

எஞ்சினில் பிறக்கும் முறுக்குவிசை சக்கரத்தைச் சென்றடையும் வழியில் இரண்டு தடைகள் உண்டு. சாலையில் வண்டி நின்றாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே எஞ்சினையும் சக்கரத்தையும் வேண்டும்போது பிரிக்கவும் சேர்க்கவும் ஒரு வழி தேவை. எஞ்சின் குறிப்பிட்ட சுழற்சி வேக எல்லைக்குள்தான் நன்றாக இழுக்கும். சக்கரமோ அசையா நிலையிலிருந்து முழு வேகம் வரை எல்லா நிலைகளிலும் சுழல வேண்டும். ஆகவே இவ்விரண்டின் வேகங்களையும் பொருத்தும் பல்விகிதங்கள் தேவை. கைக்கியர் வண்டியில் முதல் வேலையைக் கிளட்சும் இரண்டாவதைக் கியர்பெட்டியும் செய்கின்றன. இரண்டையும் ஓட்டுநரின் காலும் கையும் இயக்குகின்றன. தானியங்கி வண்டியில் முதல் வேலை எண்ணெய்ச் சுழற்சியிடமும், இரண்டாவது கோள் பற்சக்கரத் தொகுதியிடமும் ஒப்படைக்கப்படுகின்றன.

இம்மாற்றம் வடசென்னைத் தொழிற்பகுதியில் உருவான வண்டிகளில் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தானியங்கி விசைக்கடத்தலின் தொழில்நுட்பம் எண்ணூர் ஆலையின் தாய் நிறுவனமான இங்கிலாந்தின் லேலண்டிடம் 1930-களிலேயே இருந்தது. அது சென்னையின் சாதாரணப் பேருந்து வரை வந்துசேர முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. அறிவுப் பற்றாக்குறை இதற்குக் காரணமன்று. பேருந்தின் தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கலாம் என்பதைப் பற்றிய சமூகத்தின் எதிர்பார்ப்பு மாறிய பிறகே இத்தொழில்நுட்பத்துக்கு இடம் கிடைத்தது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

1. எண்ணூரில் தொடக்கம்

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடத்தில் முகத்துவாரக்குப்பமும், அதையடுத்துத் தாழங்குப்பமும் நெட்டுக்குப்பமும் மீனவர் குடியிருப்புகளாக நிலைத்திருந்தன. அந்தக் கரையை ஒட்டிய எண்ணூரில்தான் சுதந்திர இந்தியாவின் தொடக்ககால மோட்டார் ஆலைகளில் ஒன்று அமைந்தது. ரகுநந்தன் சரண் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் இங்கிலாந்தின் ஆஸ்டின் கார்களைப் பாகங்களாகத் தருவித்துப் பூட்டியது. பின்னர் லங்காஷயரின் லேலண்ட் மோட்டார்ஸுடன் ஒப்பந்தம் செய்து, காமெட் லாரி, பேருந்துச் சட்டகங்களைத் தயாரிக்க முற்பட்டது. லேலண்ட் பங்கேற்றதைத் தொடர்ந்து 1955-இல் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. அதே ஆண்டில் தெற்கே திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தயாரிப்புக்கான நிறுவனமும் உருவானது. கார், லாரி, பேருந்து, மோட்டார் சைக்கிள் என இக்கரையில் உருவான அனைத்தும் அன்று கிளட்சும் கைக்கியரும் கொண்டவையே.

2. கைக்கியரில் விசை செல்லும் வழி

இவ்வண்டிகளில் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் கனமான ஃபிளைவீலைச் சுழற்றும். அதன் முகத்தில் கிளட்ச் தட்டு ஸ்பிரிங் அழுத்தத்தால் ஒட்டிக்கொண்டு உராய்வால் சுழலும். மிதியை அழுத்தினால் தட்டு விலகி விசை அறுபடும். கிளட்சிலிருந்து உள்ளீட்டுத் தண்டு, அதிலிருந்து கீழே உள்ள துணைத்தண்டு, அதன் பற்சக்கரங்கள் வழியாக முதன்மைத் தண்டு என்று விசை ஏறி இறங்கிச் செல்லும். மேல் கியரில் மட்டும் துணைத்தண்டைச் சுற்றாமல் நேராகப் போகும். பிறகு புரொப்பல்லர் ஷாஃப்ட், கிரௌன் சக்கரம், டிஃபரன்ஷியல், ஆக்ஸில் வழியாகச் சக்கரத்தை அடையும்.

பழைய கனரக வண்டிகளின் கியர்பெட்டியில் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோமெஷ் இல்லை. கியரைக் குறைக்க ஓட்டுநர் ஒருமுறை கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்சிலேட்டரைத் தட்டி எஞ்சின் வேகத்தை உயர்த்தி, மறுபடியும் மிதித்துக் கீழ்க் கியரில் தள்ள வேண்டும். ‘டபுள் கிளட்ச்’ எனப்பட்ட இந்த வேலையில் நேரம் தவறினால் பற்கள் அரைபடும் சத்தம் வண்டி முழுவதும் கேட்கும். சில நூறு மீட்டருக்கு ஒரு நிறுத்தம் என்று செல்லும் நகரப் பேருந்தில் இந்த உழைப்பு ஒரு நாளில் எத்தனை முறை திரும்ப நிகழ்ந்திருக்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பின்னாளில் ஜெர்மனியின் இசட்.எஃப் தொழில்நுட்பத்தில் வந்த சிங்க்ரோமெஷ் கியர்பெட்டிகள் இரட்டை மிதியின் தேவையை நீக்கின. இடது காலின் வேலை மட்டும் தொடர்ந்தது.

3. கப்பலிலிருந்து பேருந்துக்கு: திரவ இயக்கத்தின் தோற்றம்

எண்ணெயின் ஓட்டத்தால் விசையைக் கடத்தலாம் என்ற எண்ணம் சாலையில் பிறக்கவில்லை. ஜெர்மனியின் ஷ்டெட்டின் நகரில் வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றிய பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர், அதிவேக நீராவி டர்பைனை மெதுவாகச் சுழலும் கப்பல் சுழலியுடன் இணைக்கும் வழியைத் தேடி, 1905-இல் திரவ விசைமாற்றிக்குக் காப்புரிமை பெற்றார். எளிய வடிவமான திரவ இணைப்பியை 1920-களில் ஹெரால்டு சின்க்ளேர் இங்கிலாந்தின் சாலை வண்டிகளுக்குக் கொண்டுவந்தார். வால்டர் வில்சன் வடிவமைத்த கோள் பற்சக்கரப் பெட்டியையும் திரவ இணைப்பியையும் சேர்த்து டெய்ம்லர் நிறுவனம் 1930-இல் வண்டிகளை வெளியிட்டது.

எண்ணூருக்கு நேரடித் தொடர்புடைய நிகழ்வு 1933-இல் நடந்தது. ஸ்வீடன் பொறியாளர் ஆல்ஃப் லிஷோம் உருவாக்கிய விசைமாற்றியைப் பொருத்தி, லேலண்ட் நிறுவனம் கியரற்ற பேருந்துகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வண்டி புறப்படும்போது விசைமாற்றி இழுக்கும். வேகம் பிடித்ததும் ஓட்டுநர் ஒரு நெம்புகோலை நகர்த்தி எஞ்சினை நேரடியாகச் சக்கரத்துடன் இணைப்பார். மேடு பள்ளமான ஊர்களில் இது விரும்பப்பட்டது. விசைமாற்றி இயங்கும் நேரத்தில் எண்ணெய்ச் சுழற்சியில் விசை வெப்பமாக வீணாகியதால் எரிபொருள் செலவு கூடியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்வகை மறைந்தது. ஆனாலும் கோள் பற்சக்கரமும் காற்றழுத்தக் கட்டுப்பாடும் கொண்ட அரைத் தானியங்கிப் பெட்டிகளை லேலண்ட் தன் நாட்டில் தொடர்ந்து வளர்த்தது.

அமெரிக்காவில் வளர்ச்சி கார் வழியாக நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பெட்டி 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் காருடன் வந்தது. திரவ இணைப்பியும் நான்கு விகிதக் கோள் பற்சக்கரங்களும் எண்ணெய் அழுத்தக் கட்டுப்பாடும் அதில் ஒன்றாயின. 1948-இல் வந்த பியூக் டைனாஃப்ளோ விசைமாற்றியைப் பயன்படுத்தியது. பின்வந்த தானியங்கிப் பெட்டிகளில் பெரும்பாலானவை இவ்விரு வழிகளின் சேர்க்கையே.

4. விசைமாற்றியின் செயல்முறை

மூடிய வளையம் போன்ற விசைமாற்றிக்குள் மூன்று இதழ்ச் சக்கரங்கள் எண்ணெயில் மூழ்கியிருக்கும். எஞ்சினுடன் பிணைந்த பம்ப் சக்கரம் எண்ணெயை மையத்திலிருந்து விளிம்புக்கு வீசுகிறது. எதிரே உள்ள டர்பைன் சக்கரத்தின் வளைந்த இதழ்களில் அந்த எண்ணெய் மோதி அதைத் திருப்புகிறது. டர்பைன் கியர்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டோடு இணைந்தது. டர்பைனைக் கடந்து திரும்பும் எண்ணெய், பம்பின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் வருகிறது. இடையில் நிற்கும் ஸ்டேட்டர் அதைத் திசைதிருப்பி, பம்புக்கு உதவும் கோணத்தில் அனுப்புகிறது. ஸ்டேட்டர் தாங்கிக்கொள்ளும் எதிர்விசையின் அளவுக்கு டர்பைனில் முறுக்குவிசை கூடுகிறது. வண்டி நிற்கும் நிலையில் இப்பெருக்கம் ஏறத்தாழ 2 மடங்கை எட்டும்.

டர்பைனின் வேகம் பம்பின் வேகத்தை நெருங்கும்போது எண்ணெய் ஸ்டேட்டர் இதழின் பின்புறத்தில் மோதத் தொடங்கும். அப்போது ஒருவழிக் கிளட்ச் ஸ்டேட்டரைத் தடையின்றிச் சுழலவிடுகிறது. பெருக்கம் நின்று, விசைமாற்றி வெறும் திரவ இணைப்பியாகிறது. அந்நிலையிலும் சிறிய நழுவல் இருக்கும். இன்றைய பெட்டிகளில் பூட்டுக் கிளட்ச் ஒன்று பம்பையும் டர்பைனையும் இறுகப் பிணைத்து அந்த இழப்பையும் நீக்குகிறது. 1933-இன் லேலண்ட் ஓட்டுநர் நெம்புகோலால் செய்த வேலையை இது தானே செய்கிறது. வண்டி நிற்கும்போது எண்ணெய் நழுவ இடமிருப்பதால், கியரில் இருந்தாலும் எஞ்சின் அணையாது.

5. கோள் பற்சக்கரத் தொகுதி

விசைமாற்றியிலிருந்து வரும் விசை அடுத்து கோள் பற்சக்கரத் தொகுதிக்குள் நுழைகிறது. நடுவில் சூரியச் சக்கரம்; அதைச் சுற்றி ஒரு தாங்கியில் பொருந்திய கோள் சக்கரங்கள்; வெளியே உட்புறம் பற்கள் கொண்ட வளையச் சக்கரம். சூரியன், தாங்கி, வளையம் ஆகிய மூன்றில் ஒன்றை உள்ளீடாக்கி, ஒன்றை நிறுத்திவைத்தால், மூன்றாவது வெளியீடாகும். சூரியச் சக்கரத்தில் 36 பற்களும் வளையத்தில் 72 பற்களும் இருப்பதாகக் கொண்டால் கணக்கு இவ்வாறு அமையும்:

- வளையத்தை நிறுத்திச் சூரியனைச் சுழற்றினால் தாங்கி 3-க்கு 1 என்ற விகிதத்தில் மெதுவாகச் சுழலும். விசை 3 மடங்காகும்.
- சூரியனை நிறுத்தி வளையத்தைச் சுழற்றினால் விகிதம் 1.5-க்கு 1.
- எவையேனும் இரண்டை ஒன்றாகப் பூட்டினால் முழுத் தொகுதியும் ஒரே கட்டையாகச் சுழலும். விகிதம் 1-க்கு 1.
- தாங்கியை நிறுத்திச் சூரியனைச் சுழற்றினால் வளையம் எதிர்த்திசையில் 2-க்கு 1 எனச் சுழலும், இதுவே பின்கியர்.

எல்லாப் பற்களும் எப்போதும் கோத்தே இருப்பதால் ஒன்றையொன்று தேடிப் பொருந்த வேண்டியதில்லை. எண்ணெயில் நனைந்த பலதட்டுக் கிளட்சுகளும் பிரேக்குகளும் எப்பகுதி நிற்க வேண்டும், எது சுழல வேண்டும் என்பதை முடிவுசெய்கின்றன. ஒன்றைத் தளர்த்திக்கொண்டே மற்றொன்றை இறுக்குவதால் விசை அறுபடாமல் கியர் மாறுகிறது. ஒரே கோட்டில் இரண்டு மூன்று தொகுதிகளை அடுக்கி 4, 5, 6 விகிதங்கள் பெறப்படுகின்றன.

இந்தக் கிளட்சுகளுக்கு எண்ணெய் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வுகள் தொடக்கத்தில் வண்டி வேகத்தையும் ஆக்சிலேட்டர் நிலையையும் எண்ணெய் அழுத்தமாகவே உணர்ந்து செயல்பட்டன. இப்போது உணரிகள் தரும் தகவலைக் கொண்டு கணினி கணக்கிட்டு, சொலினாய்டு வால்வுகளைத் திறந்து மூடுகிறது.

6. எண்ணூரில் நீண்ட காத்திருப்பு

அசோக் லேலண்ட் 1967-இல் டைட்டன் இரட்டைத்தளப் பேருந்தை உருவாக்கியது. 1970-களின் பிற்பகுதியில் பின்புற எஞ்சின் கொண்ட சீட்டாவும், 1982-இல் இரு உடல்கள் இணைந்த வெஸ்டிபியூல் பேருந்தும் வந்தன. உடலமைப்பில் இவ்வளவு துணிந்த மாற்றங்கள் நிகழ்ந்த அதே காலத்தில் கைக்கியரே பொதுவிதியாக நீடித்தது. சட்டகத்தின் விலையையும் கிலோமீட்டருக்கு ஆகும் டீசலையும் வைத்தே பேருந்துகள் வாங்கப்பட்டன. தானியங்கிப் பெட்டி இரண்டையும் கூட்டியது. அதன் நுட்பமான பாகங்களை இறக்குமதி செய்ய வேண்டும். பணிமனைகளிலோ கிளட்ச் தட்டை மாற்றுவது பழகிய வேலை. ஓட்டுநரின் களைப்புக்கு இக்கணக்கில் பத்தி எதுவும் இல்லை.

சாலைக்கு வெளியே நிலைமை வேறாக இருந்தது. இந்திய ரயில்வேக்காக எம்.எம்.சூரி உருவாக்கிய திரவ-இயந்திர விசைக்கடத்தி அவருக்கு 1962-ஆம் ஆண்டின் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதைப் பெற்றுத் தந்தது. சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் கொள்கலன் முனையம் தொடங்கியது. கொள்கலன் முற்றங்களில் கனமான பெட்டிகளைத் தூக்கி முன்னும் பின்னுமாக இடைவிடாது நகரும் எந்திரங்களுக்கு உலகெங்கும் விசைமாற்றிப் பெட்டிகளே பொருத்தப்படுகின்றன. அத்தகைய வேலையில் உராய்வுக் கிளட்ச் விரைவில் கருகிவிடும் என்பதால் அங்கே செலவைப் பற்றிய கேள்வி எழவில்லை.

7. தாழ்தளம் கொண்டுவந்த மாற்றம்

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் நீதிமன்றங்களில் அவர்கள் தொடுத்த வழக்குகளும் படியேறாமல் நுழையக்கூடிய பேருந்தைப் பொதுக் கோரிக்கையாக்கின. மத்திய அரசு வகுத்த நகரப் பேருந்துத் தரவிதிகளும், ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் வழியே 2009 முதல் பேருந்து வாங்கக் கிடைத்த நிதியும் அதற்கு வடிவம் தந்தன. டெல்லியின் தாழ்தள இயற்கை எரிவாயுப் பேருந்துகளை வழங்கியவற்றுள் அசோக் லேலண்டும் ஒன்று. சென்னையில் வால்வோ குளிர்சாதனப் பேருந்துகள் தானியங்கிப் பெட்டியோடு ஓடத் தொடங்கின.

தாழ்தளத்துக்கும் தானியங்கிப் பெட்டிக்கும் இடையே இயந்திரவியல் தொடர்பு உண்டு. தளம் தாழ வேண்டுமானால் எஞ்சினும் கியர்பெட்டியும் பின்புறம் போக வேண்டும். ஓட்டுநருக்கும் கியர்பெட்டிக்கும் இடையே 10 மீட்டர் அளவுக்குத் தூரம் ஏற்படுகிறது. அவ்வளவு நீளத்துக்குக் கம்பியோ கேபிளோ இழுத்துக் கியர் மாற்றுவது கடினம். மின்சைகையால் இயங்கும் பெட்டிக்கு அத்தூரம் பொருட்டன்று. பின்புற எஞ்சின் மட்டும் போதாது என்பதைச் சீட்டா காட்டியது. அணுகல் உரிமையும் பொது நிதியும் சேர்ந்தபோதே மாற்றம் நிலைபெற்றது. 2024 ஆகஸ்டில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் சாதாரணச் சேவையில் இறக்கிய அசோக் லேலண்ட் தாழ்தள டீசல் பேருந்துகள் இதன் விளைவு: பின்புறத்தில் 6 சிலிண்டர் எஞ்சின், தானியங்கிப் பெட்டி, படியற்ற நுழைவு.

8. கிளைவழி: தானியக்கக் கைக்கியர்

இதே காலத்தில் மற்றொரு வழியும் வளர்ந்தது. கைக்கியர்பெட்டியையும் உராய்வுக் கிளட்சையும் அப்படியே வைத்துக்கொண்டு, மிதிப்பதையும் கியர் தள்ளுவதையும் மட்டும் கணினி இயக்கும் இயக்கிகளிடம் விடுவது அது. அசோக் லேலண்ட் 2013-இல் பாஸ் லாரியில் லேமேட்டிக் என்ற பெயரில் இதை அளித்தது. 2014-இல் மாருதி செலேரியோ இதைச் சிறிய கார்களுக்குப் பரவலாக்கியது. இதில் விசை செல்லும் வழி பழைய கைக்கியரின் வழியேதான். கியர் மாறும் கணத்தில் விசை அறுபடும். விசைமாற்றி தரும் பெருக்கமும் இல்லை. அதற்கு ஈடாக விலை குறைவு, எரிபொருள் வீணாவதில்லை. அடிக்கடி நிற்காத லாரிக்கும் விலை முக்கியமான சிறிய காருக்கும் இது பொருந்துகிறது. ஆள் நிறைந்த நகரப் பேருந்துக்கு விசைமாற்றியே மேலானது.

9. கியர் தேவையற்ற நிலை

மின்மோட்டார் அசையா நிலையிலேயே முழு முறுக்குவிசை தரும். பரந்த வேக எல்லையில் சுழலும். தொடக்கத்தில் கூறிய இரண்டு தடைகளும் அதற்கு இல்லை. ஆகவே விசைமாற்றியும் பல விகிதங்களும் இன்றி, பெரும்பாலும் ஒரே நிலையான விகிதத்தில் விசை ஆக்ஸிலை அடைகிறது. 1895 முதல் 1953 வரை சென்னைத் தெருக்களில் ஓடிய மின்டிராம்களின் அடிப்படையும் இதுவே. அசோக் லேலண்ட் 2018-இல் எண்ணூர் ஆலையில் மின்வாகனங்களுக்கான மையத்தைத் தொடங்கியது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் சேவைக்கு வந்தன.

10. ஆய்வு முடிவுகள்

எண்ணூர் வண்டிகளின் விசைக்கடத்தல் வரலாறு நான்கு கட்டங்களாகப் பகுக்கத்தக்கது: இரட்டை மிதிக் கியர்பெட்டி, சிங்க்ரோமெஷ், தானியங்கியும் தானியக்கக் கைக்கியரும் அருகருகே நிலவும் கட்டம், மின்மோட்டார். முதல் இரண்டு கட்டங்களில் மாற்றத்தை முடிவுசெய்தவை விலையும் டீசலும். மூன்றாவதில் பயணியின் அணுகல் உரிமை முதன்மை பெற்றது. ஓட்டுநரின் இடது காலுக்குக் கிடைத்த ஓய்வு அதன் துணைப்பயனாகவே வந்தது. ஓட்டுநரின் உடல்நலம் தனியொரு அளவுகோலாக வாங்கும் விதிகளில் இடம்பெற்றிருந்தால், தாய் நிறுவனத்தின் கையில் இருந்த தொழில்நுட்பம் இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்திராது. ஒரு தொழில்நுட்பம் எப்போது பரவும் என்பதை அதன் கண்டுபிடிப்பு ஆண்டைக் கொண்டு கணிக்க இயலாது; வாங்குவோர் எதை மதிப்பிடுகிறார்கள் என்பதைக் கொண்டே கணிக்க இயலும்.