துண்டும் குடும்ப அட்டையும்: மலையகத் தமிழர் இரண்டு தடவை கடல் கடந்த கதை

1869இல் இலங்கையின் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி படியத் தொடங்கியது. இலைத்துரு என்னும் பூஞ்சை நோய் அது. இருபது ஆண்டுகளுக்குள் மலைநாட்டின் கோப்பித் தொழில் அழிந்துபோனது. துரைமார் கோப்பிச் செடிகளைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். பயிரோடு சேர்ந்து, அதுவரை வருவதும் போவதுமாக இருந்த தமிழ்த் தொழிலாளரின் வாழ்க்கையும் மாறியது. கோப்பி அவர்களைப் பருவத்துக்கு அழைத்துப் பருவம் முடிந்ததும் திருப்பி அனுப்பியது. தேயிலை அவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டது.

வறுமை விரட்டியது, வேலை இழுத்தது என்று இரண்டே வரியில் இந்த மக்களின் வரலாறு பல இடங்களில் சொல்லி முடிக்கப்படுகிறது. அது பொய்யில்லை, ஆனால் போதாது. எப்போது புறப்படுவது, தனியாகவா குடும்பத்தோடா, எத்தனை காலம் தங்குவது, எப்போது திரும்புவது என்ற ஒவ்வொன்றிலும் அவர்களுடைய விருப்பத்துக்கு மேலே வேறொருவரின் தீர்மானம் இருந்தது. அந்தத் தீர்மானங்கள் சிறு காகிதங்களாகவும் தகரத் துண்டுகளாகவும் அவர்களைப் பின்தொடர்ந்தன. அவற்றைப் படித்தால்தான் இரு நூற்றாண்டு இடப்பெயர்வின் உண்மையான இயக்கம் பிடிபடும்.

கம்பளைக்கு அருகே 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. கண்டிச் சிங்கள விவசாயிக்குச் சொந்த வயலும் சேனையும் இருந்தன. தோட்டத்தில் நிரந்தரக் கூலியாக நிற்க அவர் விரும்பவில்லை. பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் நிலைமை வேறு. திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் நிலமில்லாத பள்ளர், பறையர், சக்கிலியர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மிராசுதாருக்குப் பண்ணையாளாகக் கட்டுண்டு கிடந்தன. 1843இல் கம்பெனி அரசு அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லையென்று அறிவித்தது. ஆனால் நிலம் கைக்கு வரவில்லை, கடனும் தீரவில்லை. கோப்பிப் பழம் பறிக்கும் மாதங்கள் இங்கே வேலை குறைந்த மாதங்களோடு ஒத்துப்போயின. ஆண்கள் கூட்டமாகப் போய்ப் பழம் பறித்துவிட்டு நெல் அறுவடைக்கு ஊர் திரும்பினார்கள். பிறகு 1876இல் தாது வருடப் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கானோர் மாண்ட அந்த ஆண்டுகளில் இலங்கைக்குப் போகும் கூட்டம் பெருகியது. அறுவடைக்குத் திரும்பலாம் என்ற கணக்கு பலருக்கு அத்தோடு அற்றுப்போனது, திரும்புவதற்கு அறுவடை இருக்கவில்லை.

மொரிஷியஸ், நேட்டால், ஃபிஜிக்குப் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். ஐந்தாண்டு என்று எழுதிக் கைநாட்டு வைத்துவிட்டுக் கப்பலேறினார்கள். இலங்கைக்குப் போனவர்களுக்கு அந்த ஒப்பந்தம் இல்லை. அவர்கள் சட்டப்படி சுதந்திரமான தொழிலாளர். இதைக் காட்டியே காலனி அரசு தன்னை நியாயப்படுத்திக்கொண்டது. ஆனால் கங்காணி முறையை அருகிலிருந்து பார்த்தால் அந்தச் சுதந்திரத்தின் அளவு தெரியும்.

கங்காணி பெரும்பாலும் ஆட்களின் சொந்த ஊர்க்காரர் அல்லது பக்கத்து ஊர்க்காரர், சாதியில் அவர்களைவிட மேலே இருப்பவர். துரையிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து, சில்லறைக் கடனை அடைத்து, வழிச்செலவு செய்து ஆட்களைக் கூட்டிப் போவார். அந்தச் செலவு முழுவதும் ஆளின் பேரில் கடனாக ஏறும். தோட்டத்தில் அரிசியும் கம்பளியும் கடன்தான். வேலைக்கு நின்ற தலை ஒவ்வொன்றுக்கும் நாள்தோறும் கங்காணிக்குச் சிறு காசு உண்டு என்பதால், ஆளைக் கடனில் வைத்திருப்பதே அவருக்கு ஆதாயம். ஆளும் கூட்டமும் வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் பழைய தோட்டத்துத் துரை ஒரு சீட்டுக் கொடுப்பார். இன்னாருக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுகிறவர் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அதன் பெயர் துண்டு. அது கங்காணியின் மடியில் இருக்கும், தொழிலாளியின் கையில் இராது. ஒரு கூட்டம் மனிதர் துண்டுக் கணக்கில் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் தொகை பெருத்ததே தவிர இளைக்கவில்லை. அறிவிப்புக் கொடுக்காமல் தோட்டத்தை விட்டு ஓடினால் 1865ஆம் ஆண்டின் சட்டப்படி சிறை. துண்டு முறை ஒழிய 1921 ஆயிற்று.

கூலி அங்கே அதிகம், போனவர்கள் ஊருக்குப் பணம் கொண்டுவந்தார்கள், ஆகவே இது கணக்குப் போட்டுச் செய்த தேர்வு என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பண்ணையாருக்கு முன் தோள்துணியை இடுப்பில் கட்டி நின்ற ஒருவருக்குக் கடலுக்கு அப்பால் இன்னொரு வாழ்க்கை இருக்கலாம் என்ற நம்பிக்கையே பெரிய விஷயம். ஆனால் அந்தக் கணக்கில் வழியில் இறந்தவர்கள் சேர்க்கப்படுவதில்லை. தோணியில் மன்னார்க் கரையிறங்கிய கூட்டங்கள் மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நூறு மைலுக்கும் மேல் காட்டுப்பாதையில் நடந்தன. தண்ணீரில்லாத அந்த வழியில் காலராவும் மலேரியாவும் ஆட்களை வாரிக்கொண்டன. நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. 2023இல் மலையக மக்களின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு இதே வழியில் நடந்து போனார்கள்.

1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் ரயில் பாதையும் திறந்த பிறகு இந்த நடை தேவைப்படவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தகர டிக்கெட் வந்திருந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை ஒவ்வோர் ஆளுக்கும் தரப்பட்டது. வழியில் யாருடைய ஆள் என்று கேட்டால் வில்லை பதில் சொல்லும். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் அவர்களை நிறுத்தி, நோய் இல்லையென்று உறுதி செய்து படகேற்றினார்கள். அந்த மண்டபம் முகாமை மறக்கக் கூடாது. இந்தக் கதையில் அது இன்னும் இரண்டு தடவை வருகிறது.

தேயிலை வருடம் முழுவதும் கொழுந்து விடும் பயிர். ஒரு மலையை வாரம் பத்து நாளுக்கு ஒரு தடவை எடுக்காவிட்டால் கொழுந்து முற்றிவிடும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரை தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1875இல் ஆயிரம் ஏக்கர் அளவில் இருந்த பரப்பு 1895இல் மூன்று லட்சம் ஏக்கரைத் தாண்டியது. கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும் என்றானதும் குடும்பம் குடும்பமாகக் கூட்டிவந்தார்கள். அவர்களுக்காகக் கட்டப்பட்டது லயம்: வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு காம்பரா, பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். விடியுமுன் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டுத் தாய் மலையேறினால், குழந்தை பிள்ளைக் காம்பராவில் கிடக்கும். அதே வேலைக்குப் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம் என்ற நிலை 1984 வரை நீடித்தது. தேயிலைத் தொழிலின் லாபம் இந்தப் பெண்களின் விரல்களில்தான் நின்றது என்பதை அந்தத் தொழிலின் வரலாற்று நூல்கள் போதிய அளவு சொல்லவில்லை.

ஆனாலும் லயத்தில் வாழ்க்கை வேரூன்றியது. மாரியம்மன் கோயில் எழுந்தது, காமன் கூத்து ஆடப்பட்டது. சாதி முழுக்கப் போகவில்லை. லயங்களும் தனித்தனியாகவே பிரிக்கப்பட்டன. புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் எழுதியது இந்த உலகத்தைத்தான். 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்றே சங்கம் கண்டார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாகவே பிரச்சாரம் செய்தார்.

1931இல் வந்த சர்வசன வாக்குரிமைதான் திருப்புமுனை. கூலியாக இருந்தவரை அவர்கள் எண்ணிக்கை யாரையும் உறுத்தவில்லை. வாக்காளர் ஆனதும் உறுத்தியது. 1946 கணக்கெடுப்பில் நாட்டு மக்கள்தொகையில் 11.7 சதவீதம் இந்தியத் தமிழர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் 7 பேர் நாடாளுமன்றம் சென்றார்கள். மற்றத் தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்கு விழுந்தது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தந்தையும் அங்கே பிறந்ததை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்ததை நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்று ஏது? 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. சுமார் 7 லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவராயினர். இதை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்த செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மனிதரை எண்களாகப் பிரித்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதம் 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்றது அது. 1974இல் அந்த மிச்சத்தையும் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதி, 75,000 என்று பங்கிட்டுக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களின் சங்கங்களை யாரும் கலந்து பேசவில்லை. விண்ணப்பம் கேட்டபோது, ஒதுக்கியதைவிட மிக அதிகமானோர் இலங்கைக் குடியுரிமையைக் கேட்டார்கள். இந்தியாவைக் கேட்டவர்கள் ஒதுக்கிய எண்ணிக்கையை எட்டவே இல்லை. இந்த ஒரு விவரமே அவர்கள் தங்கள் ஊராக எதை நினைத்தார்கள் என்பதற்குச் சாட்சி.

இந்தியா செல்பவர்களுக்குக் கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகம் குடும்ப அட்டை கொடுத்தது. வயது வந்த பிள்ளைகளுக்குத் தனி விண்ணப்பம் என்பதால் பெற்றோருக்கு ஒரு நாடும் பிள்ளைக்கு இன்னொரு நாடும் கிடைத்த வீடுகள் ஏராளம். ஹட்டன், பதுளை நிலையங்களில் கோச்சி (ரயில்) புறப்படும் நேரத்து அழுகையை மலையகத்தில் மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். தாத்தா எந்த முகாமில் தகர வில்லையோடு நின்றாரோ, அதே முகாமில் பேரன் குடும்ப அட்டையோடு நின்றான். நாலரை லட்சத்துக்கும் அதிகமானோர் வந்து சேர்ந்தார்கள். அரசு ஏடுகள் அவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று குறித்தன. பெரும்பாலோர் இந்தியாவை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

மறுவாழ்வுத் திட்டங்கள் இல்லாமலில்லை. 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைக்கத் தொடங்கியது. அதுவே 1976இல் டான்டீ நிறுவனமானது. 1969இல் ரெப்கோ வங்கி பிறந்தது. நூற்பாலைகளும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் ரப்பர் தோட்டங்களும் சிலருக்கு வேலை தந்தன. ஆனால் பெரும்பான்மையோருக்குக் கிடைத்தது 5,000 ரூபாய் வியாபாரக் கடன். கொழுந்தும் கவ்வாத்தும் தவிர வேறு தெரியாத குடும்பத்தை, மொழி ஒன்றாக இருந்தும் வழக்கம் தெரியாத ஊரில் விட்டு, கடை வைத்துப் பிழை என்றது அரசு. தரகர்கள் பாதியைத் தின்றார்கள். கடை வைத்தவர்களில் பலர் சில மாதங்களில் அதை மூடினார்கள். பூர்விக ஊரைத் தேடிப் போனவர்களுக்கு அங்கே நிலம் இல்லை. சேரியில் இடம் கிடைத்தாலும் பழைய சாதிக் கட்டுகள் காத்திருந்தன. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டப் போன சிலர் முன்பணத்தில் சிக்கிக் கொத்தடிமைகளானார்கள். துண்டு ஒழிந்து அறுபது ஆண்டு கழிந்தும் முன்பணத்தின் பிடி அப்படியே இருந்தது.

மலை தெரிந்தவர்கள் மலையையே தேடினார்கள். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் அவர்கள் குடியேறினார்கள். கூடலூர், பந்தலூரில் ஜென்மம் என்னும் பழைய பரம்பரை நில உரிமை பற்றிய வழக்குகள் தீராததால் வீட்டுக்குப் பட்டா கிடைக்கவில்லை. தோட்டத்துக்காக அழிக்கப்பட்ட காடு பணியர், குறும்பரின் வாழ்விடம், யானைகளின் வழி. ஒரு மக்களின் மறுவாழ்வுக்கு இன்னொரு மக்கள் விலை கொடுத்தார்கள். 2022இல் நஷ்டத்தில் ஓடிய டான்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. ஓய்வுபெற்ற தொழிலாளர் குடியிருப்பை விட்டு எங்கே போவது என்ற கேள்வி மறுபடி எழுந்தது.

இலங்கையிலேயே தங்கியவர்களின் பாடும் எளிதாக இல்லை. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977, 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைகளுக்குப் பயந்து ஆயிரக்கணக்கானோர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள், அங்கே உள்நாட்டுப் போர் அவர்களைச் சூழ்ந்தது. 2003இல்தான் சட்டம் நாடற்றவர் நிலையை முடித்துவைத்தது. 2012 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழரின் பங்கு 4 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. சிலர் தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டதும் இதற்கு ஒரு காரணம். லயத்தில் வளர்ந்த இளைஞர் இன்று கொழும்புக் கடைகளிலும், பெண்கள் வளைகுடா நாட்டு வீடுகளிலும் வேலை செய்கிறார்கள்.

1984இல் இராமேஸ்வரம் கப்பல் நின்றது. அதற்குப் பிறகு போருக்குத் தப்பி மலையக வம்சாவளியினர் பலர் படகேறி வந்தார்கள். மண்டபம் முகாம் மூன்றாவது தடவையாக அவர்களை வாங்கிக்கொண்டது, இம்முறை அகதிகளாக. தங்களுடைய முன்னோர் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்று காட்டிக் குடியுரிமை கேட்ட வழக்கில், 2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாக நடத்தக் கூடாது என்ற நோக்கில் மத்திய அரசு பரிசீலிக்க உத்தரவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருந்தன, இலங்கை இல்லை. முகாம்களில் இருக்கும் இந்தக் குடும்பங்களின் விண்ணப்பங்களை 1964 ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்ற பொறுப்பின் மிச்சமாக எடுத்துக்கொண்டு முடித்து வைப்பதுதான் டில்லி செய்ய வேண்டியது. அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.