பறப்பு ஒப்புருவாக்கக் கணினி

பறப்பு ஒப்புருவாக்கக் கணினி என்பது, வானூர்தி ஓட்டுதலை வீட்டிலிருந்தே ஒத்துப் பார்க்க உதவும் மென்பொருள்களை இயக்குவதற்கெனப் பாகங்கள் தேர்ந்து, பூட்டி, அமைப்புகள் சரிசெய்து விற்கப்படும் மேசைக் கணினி ஆகும். இம்மென்பொருள்கள் தமிழ்நாட்டில் பொதுவாகப் பிளைட் சிமுலேட்டர் என்றே அழைக்கப்படுகின்றன. பொதுவான விளையாட்டுக் கணினியிலிருந்து இதனை வேறுபடுத்துவது பாகங்களை விட, விற்பனைக்கு முன் செய்யப்படும் இசைவாக்கமே. ட்யூனிங் எனப்படும் இவ்வேலையில் மையச் செயலகத்தின் வேகம், மின்னழுத்தம், நினைவகத்தின் வேகம், விசிறிகளின் சுழற்சி, மென்பொருளின் காட்சி அமைப்புகள் ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்துமாறு அமைக்கப்பட்டு, நீண்ட நேரம் ஓட்டிச் சோதிக்கப்படுகின்றன.

அமெரிக்காவின் ஜெட்லைன் சிஸ்டம்சு போன்ற சில நிறுவனங்கள் இவ்வகைக் கணினிகளையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவை. தமிழ்நாட்டில் இதற்கு ஈடானது, சென்னை ரிச்சி தெருவிலும் மதுரை போன்ற நகரங்களின் கடைகளிலும் பாகம் பாகமாகத் தேர்ந்து பூட்டித் தரப்படும் 'அசெம்பிள்' கணினியாகும். இவ்விரண்டுக்கும் இடையிலான விலை வேறுபாடு இசைவாக்கத்துக்கும் உத்தரவாதத்துக்கும் உரியது. அவ்விலைக்கு என்ன கிடைக்கிறது என்பது காலத்தைப் பொறுத்தும், கணினி வைக்கப்படும் அறையைப் பொறுத்தும் பெரிதும் மாறுபடுகிறது.

வரலாறு

பறப்புப் பயிற்சிக்கான முதல் வெற்றிகரமான பொறி கணினியே அன்று. அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் இசைக்கருவி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க் என்பவர், காற்றுத் துருத்திகளைக் கொண்டு 1929இல் உருவாக்கிய லிங்க் பயிற்சிப்பொறியே அது. கணினித் திரையில் பறப்பைக் காட்டும் முயற்சியில், இலினாய் பல்கலைக்கழக மாணவரான புரூசு ஆர்ட்விக் 1975இல் எழுதிய ஆய்வேடு குறிப்பிடத்தக்கது. அவருடைய சப்லாஜிக் நிறுவனம் ஆப்பிள் II கணினிக்கான சிமுலேட்டரை வெளியிட்டது. 1982இல் அதன் வழிவந்த மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர், ஐபிஎம் தனியாள் கணினிக்கு வந்தது. ஐபிஎம் கணினியைப் போலவே செய்து விற்கப்பட்ட பிற நிறுவனக் கணினிகள் உண்மையிலேயே ஒத்தியங்குகின்றனவா என்று அறிய, அக்காலத்தில் இம்மென்பொருளை ஓட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று. கணினியைச் சோதிக்கும் உரைகல்லாகச் சிமுலேட்டர் ஆனது அப்போதிருந்தே எனலாம்.

தனியாக இசைவாக்கப்பட்ட கணினிகளுக்குப் பெரும் தேவையை உண்டாக்கியது 2006இல் வெளிவந்த பிளைட் சிமுலேட்டர் எக்சு ஆகும். செயலிகளின் கடிகார வேகம் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் என்ற எதிர்பார்ப்பில் அது வடிவமைக்கப்பட்டிருந்தது. ஆனால் இன்டெல்லின் பென்டியம் 4 செயலி 3.8 கிகாஹெர்ட்சுடன் நின்றுவிட்டது. வெப்பத்தை அடக்க இயலாமல் அதன் அடுத்த தலைமுறையை இன்டெல் 2004இலேயே கைவிட்டு, வேகத்துக்குப் பதிலாக உட்கருக்களின் எண்ணிக்கையைப் பெருக்கும் வழிக்குத் திரும்பியது. இதனால், வெளிவந்த ஆண்டில் விற்கப்பட்ட எந்த வீட்டுக் கணினியாலும் அம்மென்பொருளை முழு நுணுக்கத்தில் சீராக ஓட்ட இயலவில்லை. ஒற்றை உட்கருவின் வேகத்தை வலிந்து உயர்த்துவதே எஞ்சிய வழியாக இருந்தது. ஓவர்கிளாக்கிங் எனப்படும் இம்முறையில், 2011இல் வந்த கோர் ஐ7-2600கே போன்ற செயலிகள் 3.4 கிகாஹெர்ட்சு அடிப்படை வேகத்திலிருந்து 4.5 கிகாஹெர்ட்சுக்கும் மேல் ஓட்டப்பட்டன. அன்று ஒரு கைதேர்ந்தவரின் இசைவாக்கம் கண்கூடான பயனைத் தந்தது.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மைக்ரோசாப்ட் தன் சிமுலேட்டர் பிரிவை மூடியது. அதன் நிரல் உரிமையைப் பெற்ற லாக்கீடு மார்ட்டின் நிறுவனம், பிரிப்பேர்த்ரீடி என்னும் பெயரில் அதனை வளர்த்தது. ஆஸ்டின் மெயர் உருவாக்கிய எக்சு-பிளேன், தன்னார்வலர்கள் எழுதும் கட்டற்ற மென்பொருளான பிளைட்கியர் ஆகியவையும் தொடர்ந்து வளர்ந்தன. 2020 ஆகத்தில் மைக்ரோசாப்ட் மீண்டும் களத்துக்கு வந்தது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் காட்டிய அம்மென்பொருளைத் தொடர்ந்து, 2024 நவம்பரில் அடுத்த பதிப்பு வெளிவந்தது.

ஏன் தனிக் கணினி?

சுடும் விளையாட்டுகளில் வரைவியல் அட்டையே பெரும்பாலும் தடையாக அமைகிறது. சிமுலேட்டரில் அவ்வாறன்று. வானூர்தியின் மீது செயல்படும் காற்றியல் விசைகள், எரிபொருள், மின்சுற்று, தானோட்டி, வானிலை, சுற்றிலும் பறக்கும் பிற வானூர்திகள் ஆகிய அனைத்தையும் மையச் செயலகமே கணக்கிட வேண்டும். இவற்றுள் பெரும்பகுதி, ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யப்பட வேண்டிய கணக்குகளாக ஒரே முதன்மை இழையில் ஓடுகிறது. நொடிக்கு 30 படங்கள் தெரிய வேண்டுமெனில் ஒரு படத்துக்கு 33 மில்லிநொடி கிடைக்கும். முதன்மை இழைக்கு 50 மில்லிநொடி தேவைப்பட்டால், எத்தனை விலையுயர்ந்த வரைவியல் அட்டை இருந்தாலும் நொடிக்கு 20 படங்களே தெரியும். பதினாறு உட்கருக்கள் இருப்பினும் நிலைமை அதிகம் மாறாது.

இத்தடை மிகுவது வானில் அன்று, தரையிறங்கும்போது. ஓடுபாதையை நெருங்குகையில் கட்டடங்களும், நிலையத்தில் நிற்கும் வானூர்திகளும், தாழ்ந்த மேகங்களும் ஒருங்கே வந்து சேர்கின்றன. மூக்கை எப்போது உயர்த்துவது என்று கண்ணால் கணிக்க வேண்டிய அந்நொடியில்தான் படம் திக்கித் திக்கி நகரும். ஆகவே, கடை ஒன்றில் கணினியைச் சோதிப்போர் முப்பதாயிரம் அடி உயரத்தில் காட்டப்படும் எண்ணிக்கையை நம்புதல் வீண். மதுரையிலிருந்து புறப்பட்டுச் சென்னையில் மழைமேகத்தினூடே இறங்கும் ஒரு முழுப் பறப்பைக் கேட்டுப் பார்ப்பதே தகும்.

நிலக்காட்சியும் தரவும்

பழைய சிமுலேட்டர்களில், பெருநகரங்களுக்கு அப்பாற்பட்ட ஊர்கள் பொதுவான வயல், காடு, குடியிருப்பு ஓவியங்களால் நிரப்பப்பட்டிருந்தன. மாணிக்கவாசகர் பிறந்த ஊராகிய திருவாதவூர் போன்ற சிற்றூர்கள் இவற்றில் தனித்து அறியப்படா. 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்நிலை மாறியது. மதுரை வானூர்தி நிலையத்தின் ஏறத்தாழ 2,285 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதையிலிருந்து எழுந்து வடகிழக்கே திரும்பினால், யானைமலையின் நீண்ட பாறையும், அதற்கப்பால் மேலூர் வட்டாரத்தின் கண்மாய்களும் கிரானைட்டுக் குழிகளும் செயற்கைக்கோள் படத்தில் உள்ளவாறே விரிகின்றன. படம் எடுக்கப்பட்ட நாளில் கண்மாயில் நீர் இருந்ததா என்பதைப் பொறுத்து, ஆண்டு முழுவதும் அது நிறைந்தோ வறண்டோ தோன்றும். ஐப்பசி மழை திரையில் பெய்தாலும் நிலப்படம் அப்படியே இருக்கும்.

இக்காட்சி, பறக்கும்போதே இணையத்தின் வழி இறங்குகிறது. 2024ஆம் ஆண்டுப் பதிப்புக்கு மைக்ரோசாப்ட் பரிந்துரைத்தது 32 கிகாபைட்டு நினைவகமும் நொடிக்கு 50 மெகாபிட் இணைய வேகமும் ஆகும். உயர்நிலைக்கு 64 கிகாபைட்டும் 100 மெகாபிட்டும். ஊரில் ஒளியிழை இணைப்பு நிலையாகக் கிடைக்கவில்லையெனில், அப்பதிப்புக்கெனக் கணினி வாங்குவது பொருத்தமன்று. எக்சு-பிளேன், பிளைட்கியர் ஆகியவற்றில் தேவையான நிலப்பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

இசைவாக்கத்தின் இன்றைய மதிப்பு

இன்றைய செயலிகள், வெப்பமும் மின்னோட்டமும் இடங்கொடுக்கும் வரை தம் வேகத்தைத் தாமே உயர்த்திக்கொள்கின்றன. ஓவர்கிளாக்கிங் மூலம் மேலும் கிடைப்பது மிகச் சிறிதளவே. 2022 ஏப்ரலில் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 7 5800எக்சு3டி இதற்கு நல்ல சான்று. 96 மெகாபைட்டு மூன்றாம் நிலைப் பதுக்ககம் கொண்ட அச்செயலி, சிமுலேட்டரில் தன்னைவிட அதிகக் கடிகார வேகமுள்ளவற்றை விஞ்சியது. அடிக்கடி வேண்டப்படும் தரவைத் தொலைவிலுள்ள நினைவகத்திலிருந்து வரவழைக்கக் காத்திராததே காரணம். அதன் பெருக்கியை மாற்ற இயலாதவாறு ஏஎம்டி பூட்டியிருந்தது. அதாவது, அவ்வாண்டில் சிமுலேட்டருக்கு மிகப் பொருத்தமாக இருந்த செயலிகளுள் ஒன்று, பழைய முறையில் இசைவாக்கவே முடியாத ஒன்று.

மிகை மின்னழுத்தத்தின் தீங்கு 2024இல் வெளிப்பட்டது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் பல நிலைகுலைந்தன. செயலி தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கோருவதே காரணம் என ஒப்புக்கொண்ட இன்டெல், திருத்த நுண்நிரலை வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அத்தலைமுறைக் கணினியைப் பழையதாக வாங்குவோர், தாய்ப்பலகையின் பயாசு அத்திருத்தத்துக்குப் பிந்தையதா என்று பார்த்தல் வேண்டும். திருத்தம் மேற்கொண்டு கெடாமல் காக்குமே தவிர, ஏற்கெனவே கெட்ட சில்லை மீட்காது.

எனினும் இசைவாக்கம் பயனற்றதாகிவிடவில்லை. அது வேறு இடங்களுக்கு நகர்ந்துள்ளது. நினைவகத் தகடுகள், பயாசில் எக்சுஎம்பி அல்லது எக்சுபோ அமைப்பை இயக்காதவரை, உறையில் அச்சிட்ட வேகத்துக்குக் குறைவாகவே ஓடும். அவசரமாகப் பூட்டித் தரப்படும் கணினிகளில் இது விடுபட்டுப் போவதுண்டு. மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்து வெப்பத்தைத் தணித்தல், விசிறி வேகத்தை வெப்பத்துக்கேற்ப வகுத்தல், முதன்மை இழையை வருத்தும் காட்சி அமைப்புகளை மட்டும் தாழ்த்துதல் ஆகியனவும் இதில் அடங்கும். இவை மணிக்கணக்கில் பொறுமை கோருவன. பொருட்செலவு கோருவன அல்ல.

மதுரைச் சமவெளியில்

குளிர்ந்த நாட்டின் பணிமனை ஒன்றில் செய்யப்பட்ட இசைவாக்கம், அப்பணிமனையின் காற்றுக்கு உரியது. குளிர்விப்பான் எதுவாயினும், அறையின் வெப்பநிலைக்கு மேல் சில்லு எத்தனை பாகை ஏறும் என்பதையே அது கட்டுப்படுத்துகிறது. 22 பாகை செல்சியசு அறையில் முழு வேலையின்போது 80 பாகையில் நிற்கும் சில்லு, அறையைவிட 58 பாகை மேலே நிற்கிறது. சித்திரை வெயிலில் 37 பாகை உள்ள மதுரை வீட்டு அறையில் அதே சில்லு 95ஐத் தொடும். பல செயலிகள் 90 முதல் 100 பாகைக்குள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்பவை. எனவே இலட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய கணினி, சான்றிதழில் குறித்த வேகத்தைப் பங்குனி, சித்திரை மாதங்களில் காட்டாது. அறைக்குக் குளிர்சாதனம் இல்லையெனில், ஒரு படி குறைந்த மின்திறன் உடைய செயலியைத் தேர்வதே நலம். நீர்க்குளிர்ப்பு இக்கணக்கை மாற்றாது. நீரும் அறைக் காற்றிடமே வெப்பத்தை விடுகிறது.

மின்சாரம் அடுத்த இடர். 2012ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்கள் கண்ட நெடுநேர மின்வெட்டு இப்போது இல்லையாயினும், மின்னழுத்த ஏற்ற இறக்கமும் கோடைமழையின்போது நேரும் திடீர்த் தடையும் ஊர்ப்புறங்களில் இயல்பே. பெரும்பாலான வீடுகளில் விசிறிக்கும் விளக்குக்கும் என வைத்துள்ள இன்வெர்ட்டரில் இக்கணினியை இணைத்தல் கூடாது. சதுர அலை தரும் இன்வெர்ட்டர்கள், இன்றைய மின்வழங்கிகளின் திறன்காரணித் திருத்தச் சுற்றுடன் ஒத்துப்போவதில்லை, கணினி அணைந்துவிடலாம். பறக்கும்போது வரைவியல் அட்டையும் செயலகமும் சேர்ந்து 400 வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடும் என்பதால், அத்திறனைத் தாங்கும் தூய சைன் அலை யு.பி.எஸ். தேவை. சுவர்ச் செருகியில் எர்த் இணைப்பு உண்மையாகவே உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்தல், வாங்குவதற்கு முன் செய்யவேண்டியது. அமெரிக்காவிலிருந்து உறவினர் வழி வரும் கணினியெனில், மின்வழங்கி 230 வோல்ட்டை ஏற்பதா என்பதும் பார்க்கத்தக்கது.

வாங்குதல்

வெளிநாட்டிலிருந்து முழுக் கணினியாக வரவழைப்போர் சுங்கத் தீர்வையையும், பல பாகங்களின் உத்தரவாதம் வாங்கிய நாட்டுக்குள்ளேயே செல்லும் என்பதையும் கணக்கில் கொள்வதில்லை. கனமான வரைவியல் அட்டை வழியில் குலுங்கித் தாய்ப்பலகைச் செருகுவாயை உடைப்பதும் உண்டு. பெட்டிக்குள் நுரை நிரப்பி அனுப்பும் நிறுவனங்கள் அதனை அகற்றாமல் மின்னூட்டக் கூடாது என எச்சரிக்கின்றன. இந்தியாவில் கணினிக்கு 18 விழுக்காடு சரக்கு சேவை வரி உள்ளது; 32 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைகளுக்கு 28 விழுக்காடாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைக்கப்பட்டது.

உள்ளூர்க் கடையில் பூட்டுவிப்போர், ஒவ்வொரு பாகத்துக்கும் தொடர் எண்ணுடன் கூடிய தனித்தனிப் பற்றுச்சீட்டு கேட்டுப் பெறுதல் இன்றியமையாதது. பிற்காலத்தில் உத்தரவாதம் கோருவது கடையிடமன்று, பாகத்தின் உற்பத்தியாளரிடம். மொத்தத் தொகையில் ஒரு பங்கை இயக்குபிடிக்கும் கால்மிதிக்கும் ஒதுக்காமல் முழுவதையும் பெட்டிக்கே செலவிட்டு, விசைப்பலகையால் வானூர்தி ஓட்டுவோர் பலர். தொடக்கத்தில் இருப்பவர் தம்மிடமுள்ள கணினியில் பிளைட்கியரை நிறுவிச் சில மாதங்கள் பறந்து பார்க்கலாம். அதற்கு விலை எதுவும் இல்லை.

விமானிப் பயிற்சியும் வீட்டுக் கணினியும்

விமானியாக விரும்பும் மாணவர்களின் குடும்பங்கள், பயிற்சியின் பகுதியாகவே எண்ணி இக்கணினிகளை வாங்க முற்படுவதுண்டு. இந்தியக் குடிமை வான்பயண இயக்குநரகம் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணிப் பறப்பைக் கோருகிறது. வீட்டுக் கணினியில் செலவிட்ட ஒரு மணியும் அதில் சேராது. இயக்குநரகம் ஒப்புதல் அளித்த பயிற்சிப் பொறிகளில் செலவிடும் நேரமே, அதுவும் வரம்புக்குட்பட்டு, கணக்கில் கொள்ளப்படும். கருவிகளைப் படித்தல், வானொலி வழிகாட்டிகளைப் பின்பற்றல், சரிபார்ப்புப் பட்டியலை வரிசை தவறாமல் சொல்லுதல் ஆகியவற்றை வீட்டில் பழகலாம். 2001இல் தொடங்கிய வாட்சிம் போன்ற தன்னார்வ வலையமைப்புகளில், கட்டுப்பாட்டாளராக அமர்ந்திருக்கும் மற்றோர் ஆர்வலரிடம் ஆங்கில வானொலி உரையாடலையும் பயிலலாம். இவ்வலையமைப்பில் இந்திய வான்பரப்புக்கெனத் தனிப் பிரிவு உண்டு. உடலால் உணரும் முடுக்கமும் இயக்குபிடியின் எதிர்விசையும் மேசைக் கணினியில் இல்லை. கருவிகளையே உற்றுநோக்கிப் பழகியவர், உண்மையான சிறு வானூர்தியில் சாளரத்துக்கு வெளியே பார்க்க மறத்தல் பயிற்றுநர்கள் அடிக்கடி திருத்தும் பழக்கமாகும்.